பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வடிவமைப்பு: குமரிப் பிள்ளைகள் கேட்டதற்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர். படம் வரைகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள், கணினியில் டிசைன் செய்கிறவர்கள். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் பெங்களூரிலும் வளைகுடாவிலும். மாவட்டத்தைப் பற்றிச் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். "கன்னியாகுமரிக்கு ஒரு அடையாளச் சின்னம்" என்று தங்களுக்குள் போட்டி வைத்தார்கள். ஏழெட்டுப் பேர் திருவள்ளுவர் சிலையையும் சூரியனையும் வரைந்து அனுப்பினார்கள். எதைத் தேர்வது என்பதில் மனக்கசப்பு வந்தது. இப்போது அந்தக் குழுவில் காலை வணக்கப் படம் மட்டும் வருகிறது. எங்கே பிசகியது, அடுத்து என்ன செய்யலாம், செய்ததில் யாருக்கு என்ன உரிமை, ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு இதை நடத்த முடியுமா? இதுதான் கேட்டது.

பிசகியது போட்டியில். போட்டி கூட்டு வேலையே இல்லை, தம்பிமாரே. பத்துப் பேர் தனித்தனியாக உழைத்து, ஒன்பது பேருடையதைத் தூக்கிப் போடுகிற ஏற்பாடு அது. ரூபாய்க்குக் குறியீடு வேண்டும் என்று மத்திய அரசு பொதுமக்களைக் கேட்டபோது மூவாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தது. ஐந்தை இறுதிச் சுற்றுக்கு எடுத்தார்கள். 2010 ஜூலையில் நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வரைந்த ₹ தேர்வானது, பரிசு இரண்டரை லட்சம். அரசுக்குத் தேவை ஒரே ஒரு குறி, அதற்குப் போட்டி சரி. உங்களுக்குத் தேவை பதினைந்து பேரும் காலூன்ற ஒரு இடம். போட்டி வைத்த அன்றைக்கே பதினான்கு பேரை வெளியே அனுப்ப நாள் குறித்துவிட்டீர்கள்.

கூட்டாகச் செய்து உருப்பட்ட வேலைகளைப் பார்த்தால் ஒரு சங்கதி திரும்பத் திரும்பத் தட்டுப்படும். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் இருக்கும். தனியாக உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் முடித்துக் கொடுக்கக்கூடிய அளவில் இருக்கும். அந்த அளவை யாரும் மாற்ற முடியாது, உள்ளே என்ன செய்வது என்பதில் யாரும் தலையிட முடியாது. கட்டங்களைச் சேர்த்துத் தைக்கிற வேலை மட்டும் ஒரு கையில், மிஞ்சினால் இரண்டு கையில் இருக்கும். ஆர்வம், நட்பு, ஊர்ப்பாசம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரிய சான்று வேண்டுமானால், 1987-ல் சான்பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவர் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுத் துணி. இறந்துபோன ஒருவருக்காக அவரைச் சேர்ந்தவர்கள் ஒரு துண்டுத் துணியில் தைத்தோ, ஒட்டியோ, எழுதியோ அனுப்ப வேண்டும். துண்டின் அளவு 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு ஆளைப் புதைக்கும் இடம். எட்டுத் துண்டைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம். இவ்வளவுதான் சட்டம். அந்த வருட அக்டோபரில் வாஷிங்டனில் முதல்முறை விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்றைக்கு ஏறத்தாழ 50,000, எடை 54 டன். சட்டையைத் தைத்து அனுப்பியவர்கள் உண்டு, கரடி பொம்மையை வைத்துத் தைத்தவர்கள் உண்டு. ஒருவர் துண்டைப் பார்த்து இன்னொருவர் "நிறம் சரியில்லை" என்று சொல்ல இடமே இல்லை. அளவு சரியாக இருந்தால் போதும்.

இணையத்தில் நடந்ததற்கு ரெடிட் தளத்தின் 2017 விளையாட்டைச் சொல்லலாம். ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு வெற்றுப் பலகை, 16 நிறங்கள், 72 மணி நேரம். ஒருவர் ஒரு புள்ளி வைத்தால் அடுத்ததை வைக்கச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு புள்ளியை வைத்து யாரும் எதுவும் சாதிக்க முடியாது, அதனால் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் ஒரு கட்டம் போட்ட மாதிரிப் படம் தயாரித்து, "இந்த வரிசையில் இத்தனையாவது புள்ளி இந்த நிறம்" என்று பங்கிட்டுக் கொண்டது. நாட்டுக்கொடிகளும் மோனாலிசாவும் அந்தப் பலகையில் வந்தது அப்படித்தான். கட்டுப்பாடில்லாத சுதந்திரத்தால் வந்தது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. டெய்னா தைமினா என்ற கணிதப் பேராசிரியை 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் குரோஷே ஊசியால் ஒரு வளைவுத் தளத்தைப் பின்னிக் காட்டினார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டுக்கொண்டே போனால் பின்னல் சுருண்டு மடிந்து இலைக்கோசு விளிம்பு போல ஆகிவிடும். 2005-ல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் அதைப் பிடித்துக்கொண்டு நூலாலேயே பவளப்பாறை செய்யத் தொடங்கினார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். கற்றுக்கொடுப்பது ஒரே ஒரு விதி: எத்தனை கண்ணிக்கு ஒருமுறை கூட்டுவது. அந்த எண்ணை மாற்றினால் வேறொரு பவளம். அளவைப் பூட்டாமல் விதியைப் பூட்டினார்கள். இதுவும் கட்டம்தான், கண்ணுக்குத் தெரியாத கட்டம்.

இதெல்லாம் வெளியூர்ச் சமாசாரம் என்று நினைத்தால், நம் மாவட்டத்தில் நடப்பதைப் பார்க்கலாம். டிசம்பர் வந்தால் கடற்கரை ஊர்களில் தொடங்கி மார்த்தாண்டம், கருங்கல் வரை சந்திக்குச் சந்தி கிறிஸ்துமஸ் குடில். மன்றத்துப் பையன்கள், இளைஞர் இயக்கத்தார் ராத்திரியில் கட்டுகிறார்கள். வேலை நடக்கும்போது போய் நின்று கவனியுங்கள். முதலில் மூங்கில் சட்டம். சட்டத்தில் ஒயர் இழுக்கிறவன் வேலையை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து சாக்கை சிமென்ட் பாலில் முக்கிப் போர்த்துகிறவர்கள் வருவார்கள். போர்த்திக் காய்ந்தால் அது மலை, அதற்குப் பிறகு ஒயரைத் தொட முடியாது. மலைக்குச் சாம்பல் நிறமும் கறுப்பும் தெளிப்பது ஒருவன். வீட்டில் தட்டில் முளைக்கப் போட்ட பயிரைக் கொண்டுவந்து வயலாக வைப்பது வேறொருவன், பெரும்பாலும் அவன் தங்கச்சி முளைக்க வைத்தது. ஓடைக்கு மோட்டார் மாட்டுகிறவன் தனி. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, வரிசைதான் பேசுகிறது. ஒயர், சாக்கு, நிறம், பயிர். மாட்டுக்கொட்டகை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு அண்ணன் சொல்லுவார், அதில் மறுபேச்சு கிடையாது. அந்த அண்ணனுக்குப் படம் வரையத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை.

ஓணத்துக்கு அத்தப்பூ போடுவதிலும் இதே கதை. நடுவில் ஆணி, ஆணியில் நூல், நூல் முனையில் சாக்பீஸ். வட்டம் போட்டு எட்டாகவோ பத்தாகவோ பிரித்து, ஆளுக்கொரு இதழ். நிறச் சண்டை வராததற்குக் காரணம் தோவாளைச் சந்தை. அன்றைக்கு என்ன பூ வந்ததோ அதுதான் நிறம்: ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கேந்தி, வாடாமல்லி, வெள்ளைச் செவ்வந்தி, கோழிக்கொண்டை, பச்சைக்கு நறுக்கிய இலை. ஐந்தாறு நிறத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். கணினியில் ஒன்றரைக் கோடி நிறம் இருக்கிறது, அதனால்தான் உங்கள் குழுவில் சண்டை. தொடங்கும் முன் ஐந்து நிறத்தைத் தீர்மானித்துப் பூட்டிவிடுங்கள்.

இந்த மண்ணின் பழைய கூட்டு வடிவமைப்பு ஒன்றும் உண்டு, இப்போது பலர் மறந்துவிட்டார்கள். லேஸ் பின்னல். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். பிறகு 1897-ல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜிய அருட்சகோதரி மரி லூயிஸ் தெ மேஸ்டர் அங்கேயும் லேஸ், எம்பிராய்டரி வேலையை வளர்த்தார். மாதிரி ஓரிடத்திலிருந்து வரும், பின்னுவது பல கைகள். வேலை அப்பழுக்கில்லாமல் நடந்தது. ஒரு குறை மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும்: பின்னியவள் பெயர் லேஸோடு வெளியூர் போனதில்லை. மிஷனரி அம்மாள்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. நீங்கள் செய்யப்போவதில் அது நடக்கக் கூடாது. பெயருக்கு உரிமைப் பகுதியில் வருகிறேன்.

இனி என்ன செய்யலாம். எனக்குத் தோன்றுவது இரண்டு. முதலாவது சின்னது, பதினைந்து பேருக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது.

தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31. ஆளுக்கு இரண்டு எழுத்து, ஆய்தம் மட்டும் மிச்சம். ஒவ்வொரு எழுத்தையும் மாவட்டத்தின் ஒரு பொருளால், இடத்தால், வேலையால் வரைய வேண்டும். க-வுக்குக் கட்டுமரம் என்று எல்லோரும் ஓடுவார்கள், ம-வுக்கு மட்டிப் பழம், தே-யை நினைத்துக்கொண்டு த-வுக்குத் தேன்கூடு. மட்டிக்கும் மார்த்தாண்டம் தேனுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, தோவாளை மாணிக்க மாலைக்கும் 2025-ல் வந்துவிட்டது. அதனால் கதை எழுதவும் பொருள் உண்டு. ங-வுக்கு என்ன வரைவீர்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். பார்சிலோனாவில் இரண்டு வடிவமைப்பாளர்கள் 2014-ல் தொடங்கி வருடந்தோறும் நடந்த "36 நாள் எழுத்து" இந்த வகைதான்: ஆங்கிலத்தில் 26 எழுத்து, 10 எண், நாளுக்கு ஒன்று. அதன் பெரிய பலம் முடிகிற தேதி முன்பே தெரிந்திருந்ததுதான்.

இதைப் பார்த்ததும் உங்களில் ஒருவர் "இதையே எழுத்துருவாகச் செய்துவிடலாமே" என்பார். வேண்டாம். எழுத்துரு என்பது 31 படம் அல்ல. உகர, ஊகார உயிர்மெய் மட்டும் 36 தனித்தனி உருவம். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வளையும். டி, டீ தனி. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வேறு. புள்ளியின் பருமன், கொம்பின் உயரம், சுழியின் வயிறு எல்லாம் ஒரே கையில் பிறந்தது போல இருக்க வேண்டும். பதினைந்து கைக்கு அது முடியாது. கூட்டாக எழுத்துரு செய்தவர்களே இல்லையா என்றால் இருக்கிறார்கள், ஆனால் பங்கீடு வேறு. ஏக் டைப் குழுவினர் செய்த பாலூ எழுத்துருவில் ஒவ்வொரு மொழிக்கும் தனி வடிவமைப்பாளர், கோட்டின் பருமனும் குணமும் மட்டும் பொது. தமிழுக்குப் பாலூ தம்பி, மலையாளத்துக்குப் பாலூ சேட்டன், தெலுங்குக்குப் பாலூ தம்முடு. தம்பியும் சேட்டனும் ஒரே தெருவில் இருக்கிற ஊர் நம்முடையது, அதனாலேயே எனக்கு அதில் ஒரு பிரியம். அங்கேயும் கட்டம் மொழி அளவில் வெட்டப்பட்டிருக்கிறது, எழுத்து அளவில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது திட்டம் பெரியது, அவசரமானது. படகுகளில் கையால் எழுதிய பெயர்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் நிற்கிற விசைப்படகுகளின் முகப்பைப் பாருங்கள். புனிதர் பெயர், அம்மா பெயர், பிள்ளைகள் பெயர், நிழல் வைத்த எழுத்து, உள்ளே கோடு இழுத்த எழுத்து, ஆங்கில எழுத்தின் பாணியில் கூர்மையாக்கிய தமிழ், சிலதில் பக்கத்திலேயே மலையாளம். பெயின்டர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கை அது. இப்போது அந்த இடத்தில் கணினியில் வெட்டிய ஸ்டிக்கர் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது பழைய எழுத்து போயே போய்விடும், எங்கேயும் பதிவு கிடையாது.

இதில் உங்கள் குழுவின் பலவீனமே பலமாகிறது. ஊரில் இருக்கிறவர்கள் போட்டோ எடுக்க வேண்டும். பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் அதை வைத்து இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் கோட்டுருவாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோடுகளாக, வரைந்தெடுக்க வேண்டும். ஒரு படகின் பெயர் ஒரு கட்டம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து ஒரு கோப்பு, படகில் இருந்த நிறத்தோடு இன்னொரு கோப்பு. எழுத்துப்பிழை இருந்தால் அப்படியே வரைய வேண்டும், திருத்தினால் அது ஆவணம் இல்லை.

படம் எடுக்கிறவர்களுக்குச் சில விஷயம். படகின் முகப்பு வளைவானது. கிட்டே நின்று செல்போனில் எடுத்தால் நடு எழுத்து பருத்து ஓர எழுத்துகள் சுருங்கிவிடும். தள்ளி நின்று ஜூம் செய்து, எழுத்துக்கு நேரே லென்ஸைப் பிடித்து எடுங்கள். காலையோ மாலையோ சாய்வெயிலில் கோட்டின் மேடு தெரியும், உச்சிவெயிலில் எனாமல் பெயின்ட் கண்ணைக் கூசுகிற மாதிரி மின்னும், ஓரம் தெரியாது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவு நாடாவை நீட்டி ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் தெரிகிற படத்தை வெளியிடும்போது அதை மறைத்துவிடுங்கள். படகுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவர் குறைவு, கேட்காமல் எடுத்தால் சந்தேகப்படுவது நியாயம்.

எப்போது போவது என்பதற்குக் கடலே நாள் குறித்துக் கொடுக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இரண்டு கணக்கும் ஒரே மாவட்டத்தில் வருவது நமக்கு வாய்த்தது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. அந்தச் சமயத்தில்தான் படகுகள் ஒதுங்கி நிற்கும், பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் நடக்கும். தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே போக வேண்டும். கடைசி வாரத்தில் போனால் பழைய எழுத்தின் மேல் புதுப் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கும். பெயின்டர்களை நேரில் பிடிக்கவும் அதுதான் நேரம்.

ஆட்களை நடத்துவது பற்றி. குடிலுக்கு ஒரு அண்ணன் போல உங்களுக்கும் ஒருவர் வேண்டும். அவர் வேலை நல்லது கெட்டது சொல்வதல்ல. கட்டத்தின் அளவு சரியா, கோப்பின் பெயர் சரியா, தேதிக்கு வந்ததா, அவ்வளவுதான் அவர் பார்க்க வேண்டும். கலை விமரிசனம் செய்யத் தொடங்கினால் அவரை மாற்றிவிடுங்கள். உங்களில் ஆகச்சிறந்த ஓவியர் இந்த வேலைக்கு ஆகாது, அவருக்குக் கை துறுதுறுக்கும், மற்றவர் படத்தைத் திருத்திவிடுவார். கணக்கு எழுதிப் பழகிய ஆள், நாலு பேரிடம் பணிவாக நச்சரிக்கத் தெரிந்த ஆள் போதும்.

மூலக் கோப்புகள் அவரிடமும் இன்னொருவரிடமும் என்று இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் பேசுவதற்கு, கோப்பு வைப்பதற்கு அல்ல. படமாக அனுப்பினால் அது சுருக்கித் தள்ளிவிடும், அவசரத்துக்கு அனுப்பினாலும் டாக்குமென்டாக அனுப்புங்கள். கூகுள் டிரைவில் ஊர்வாரியாக நாலு கோப்புறை போதும். பெயர் வைப்பதில் ஊர், ஆண்டு, வரிசை எண், வரைந்தவரின் முதலெழுத்து என்று ஒரே ஒழுங்கு. சின்ன விஷயம்தான், ஆனால் "பைனல்", "பைனல் புதுசு", "நிஜமான பைனல்" என்று கோப்பு வரும் குழுக்கள் கரையேறி நான் பார்த்ததில்லை.

கூட்டத்தின் கண்ணுக்கும் பிழை தப்பும். விக்கிப்பீடியாவின் புதிர்க்கோளச் சின்னம் 2003-ல் சமூகத்தார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. அதில் இருந்த தேவநாகரி எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் பிழையானவை. உலகமெல்லாம் பார்க்கிற சின்னத்தில் 2010-ல் மாற்றும் வரை அப்படியே இருந்தது. எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். எழுத்தைச் சரிபார்க்க ஒருவர் பெயரைக் குறித்து வைத்துவிடுங்கள். மலையாள எழுத்து வரும் கட்டங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

குழுவில் ஒருவர் செயற்கை நுண்ணறிவில் படம் பண்ணி அனுப்பினால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். படகு எழுத்துத் திட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. 31 எழுத்தில், என் அபிப்பிராயம், வேண்டாம். ஒவ்வொரு கட்டமும் இன்னார் கை என்று தெரிவதில்தான் அந்த வரிசைக்குச் சுவை. அதற்கு மேல் சண்டை போட நான் தயாரில்லை, நீங்கள் முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இப்போது உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் கூட்டுப் படைப்பு என்று ஒன்று உண்டு. இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்து, ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாமல் இருந்தால் அது கூட்டுப் படைப்பு. அப்படி ஆகிவிட்டால் அச்சிடவோ விற்கவோ எல்லாருடைய சம்மதமும் தேவைப்படும். குவைத்தில் இருக்கிற ஒருவர் எண்ணை மாற்றிவிட்டால் வேலை நின்றுபோகும். கட்டம் கட்டமாகச் செய்தால் அவரவர் கட்டம் அவரவர் படைப்பு, ஒருவர் விலகினால் அவர் கட்டத்தை எடுத்துவிட்டு வேறொருவரிடம் கொடுக்கலாம். மேலே சொன்ன ஏற்பாட்டுக்குச் சட்டத்திலும் பலன் இருக்கிறது.

உரிமையை ஒருவர் பெயருக்கு மாற்றி எழுதுவதானால் வாய்ப்பேச்சு செல்லாது. 19-ம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்கவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் போடுகிற வேலைக்கு இந்தியாவுக்குள் என்பது போதாது, ஆகவே உலகம் முழுவதற்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், படைத்தவர் தன் பெயரைக் கோரவும் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதை யாரும் பறிக்க முடியாது.

உரிமை மாற்றுவதெல்லாம் வேண்டாம், எல்லாரும் பயன்படுத்தட்டும் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம் இருக்கிறது. பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றிச் செய்வதையும் அதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்கிற வகையை நான் சொல்வேன். படகு எழுத்துகளை அந்த உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில், அதாவது விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியத்தில், ஏற்றினால், உங்கள் குழு கலைந்தாலும் அது அங்கே இருக்கும், தமிழ் விக்கிப்பீடியாவிலும் பயன்படும். வணிகத்துக்குக் கூடாது என்கிற வகையைப் பொதுவகம் ஏற்காது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்: கன்னியாகுமரி கடற்கரையில் டி-ஷர்ட் விற்கிற கடைக்காரர் நாளைக்கு உங்கள் எழுத்தை அச்சடித்து விற்றால், பெயர் போட்டிருக்கும் வரை, நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. வயிற்றெரிச்சல் வரும் என்று தோன்றினால் படகு எழுத்தை மட்டும் பொதுவில் விட்டுவிட்டு, 31 எழுத்துப் படங்களை உங்கள் உரிமையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் எழுதிய பெயின்டரும் ஒரு படைப்பாளிதான். நீங்கள் கோட்டுருவாக எடுப்பது அவர் கையை. அவரைத் தேடிப் பிடித்து, என்ன செய்கிறோம் என்று காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கி, கட்டத்தின் கீழே முதல் பெயராக அவர் பெயரைப் போடுங்கள். போட்டோ எடுத்தவரும் வரைந்தவரும் அதற்குப் பிறகு. யார் எழுதியது என்று தெரியாத படகெழுத்தை உங்கள் சேமிப்பில் வையுங்கள், பொதுவில் ஏற்ற வேண்டாம்.

வள்ளுவர் சிலையை வரையலாமா என்று ஒருவர் பயந்து கேட்டிருக்கிறார். தாராளமாக வரையலாம். 133 அடிச் சிலை, கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு, 2000 ஜனவரி 1-ல் திறந்தது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிற சிற்பத்தை வரைவதும் படம் எடுப்பதும் மீறல் ஆகாது என்று 52-ம் பிரிவு சொல்கிறது, கட்டடத்துக்கும் அப்படித்தான். சுவரோவியம் அந்தச் சலுகையில் வராது. புதிதாக யாரோ வரைந்த சுவர்ப்படத்தை அப்படியே எடுத்து அச்சடிப்பதானால் வரைந்தவரைக் கேட்க வேண்டும். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகப் பதினைந்து பேரும் சிலையையே வரையாதீர்கள், அது தனி விண்ணப்பம்.

கடைசியாக அச்சு. 31 எழுத்தையும் ஏ3 அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று முடிவு செய்தால் கட்டம் 3508-க்கு 4961 புள்ளி. எல்லாரும் இதே அளவில் தொடங்க வேண்டும், பிறகு பெரிதாக்கினால் மங்கும். திரையில் பளபளக்கிற கடல் நீலமும் தென்னம்பச்சையும் அச்சில் அப்படி வராது, நாலு மைக்குள் அடங்கும்போது மங்கித்தான் போகும். ஒரு கட்டத்தை மட்டும் அச்சடித்துப் பார்த்துவிட்டு ஐந்து நிறத்தையும் முடிவு செய்யுங்கள். படத்தில் பெயரோ வரியோ தட்டச்சு செய்திருந்தால், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். அங்கே கணினியில் பழைய கோரல்டிரா மென்பொருளும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவும் இருந்தால், யூனிகோடில் நீங்கள் அடித்தது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக வந்து நிற்கும். கோட்டுருவாக மாற்றாத இன்னொரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், பிழை திருத்த அது வேண்டும்.

முதல் அச்சு வேலையாகச் சுவரொட்டி போடாதீர்கள், யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். உயிரெழுத்து 12, மாதம் 12. மேசை நாட்காட்டி போடுங்கள். அதற்குக் கோப்பு அக்டோபருக்குள் தயாராக வேண்டும், பிந்தினால் சிவகாசியிலும் சரி, நாகர்கோவிலிலும் சரி, அச்சகத்தில் உங்கள் சின்ன ஆர்டருக்கு இடம் கிடைக்காது. நவம்பர் கடைசியில் கையில் இருந்தால் கோட்டாறு சவேரியார் திருவிழா. டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை, அதற்கு முந்தைய நாட்களிலும் கூட்டம் நெரியும். அதன் பிறகு உங்கள் ஆட்கள் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், குடில் கட்டப் போய்விடுவார்கள். ஆகவே டிசம்பரில் எந்தத் தேதியும் வைக்காமல், ஏப்ரல் 15-ஐ ஒட்டிச் சின்னமுட்டம் போவதற்கு நாலு பேரை இப்போதே பேசி வையுங்கள்.